பேரில் மட்டும் மிஞ்சிய பூங்கா

சிவகாசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்குகிறவர்களுக்கு, சென்ட்ரல் போக மின்சார ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன்தான். அதன் பெயர் 'பார்க்'. வெளியே வந்தால் பஸ், ஆட்டோ, மெட்ரோ, பெரியாஸ்பத்திரிக்கு ஓடும் கூட்டம். எம். புதுப்பட்டியிலிருந்து போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று தேடுவார்கள்: பார்க் எங்கே?

சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-ல் திட்டமிட்ட 'பீப்பிள்ஸ் பார்க்'. நெருக்கமான ஜார்ஜ் டவுன் தெருக்களில் வசித்த மக்களுக்குக் கொஞ்சம் காற்று வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். பரப்பு 116 ஏக்கர். உள்ளே 11 குளங்கள், வண்டி போகச் சாலைகள், பேண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மேடை. (புதிய வரிகளை வெளிப்படையாக எதிர்த்ததற்காக அடுத்த ஆண்டே அவரைப் பதவியிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அது தனிக் கதை!)

எழும்பூர் மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் தொடங்கிய மிருகக்காட்சி சாலையும் பிறகு இங்கேதான் வந்தது. வெளியூர் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'உயிர் காலேஜ்'. பாடம் செய்த மிருகங்கள் இருந்த மியூசியம் 'செத்த காலேஜ்'. உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் பார்த்திருப்பார்.

இந்தப் பூங்காவுக்குச் சோகமும் உண்டு. 1886 டிசம்பர் 31 அன்று இங்கே நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கூட்டத்துக்குள் தீ புகுந்தால் என்ன ஆகும் என்று பட்டாசு வட்டாரத்துக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான், மிருகங்கள் தப்பித்து ஊருக்குள் வந்துவிடும் என்ற பயத்தில், சிங்கம், புலி, சிறுத்தைகளைப் போலீஸை வைத்துச் சுட்டுக் கொன்றார்கள்.

சரி, 116 ஏக்கர் எங்கே போனது? யாரும் ராத்திரியோடு ராத்திரியாக வேலி போட்டு வளைக்கவில்லை. முதலில் ஊருக்கு ஒரு மண்டபம் வேண்டும் என்று விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம் அது, குறை சொல்ல முடியுமா? பிறகு ஒழுங்கான சந்தை வேண்டும் என்று 1900-ல் மூர் மார்க்கெட். மாநகராட்சிக்கு ஆபீஸ் வேண்டும் என்று 1913-ல் ரிப்பன் மாளிகை. விளையாட ஸ்டேடியம். ஒவ்வொரு தடவையும் காரணம் நியாயமானது, இடமும் காலியாகக் கிடந்தது. மரமும் புல்லும் நிற்கிற இடத்தைக் 'காலி' என்றுதானே நாம் சொல்கிறோம்!

1985-ல் கடைசி அடி. அந்த ஆண்டு மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போனது. மார்க்கெட் இருந்த இடத்தில்தான் இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம். கடைக்காரர்களுக்குக் கட்டிய வளாகத்தின் பெயர் 'அல்லிக்குளம்'. அங்கே இருந்த அல்லிக்குளத்தைத் தூர்த்துத்தான் அதைக் கட்டினார்கள்.

சென்னைக் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? சின்ன ஊர்களிலும் இதே கதைதான், ஏக்கருக்குப் பதில் சென்ட். பூங்கா என்று விட்ட இடத்தில் முதலில் ஒரு தண்ணீர் டேங்க், பிறகு ரேஷன் கடை, பிறகு ஒரு அலுவலகம். எல்லாமே தேவைதான், அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. கடைசியில் பிள்ளைகள் ரோட்டில் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

தமிழ்நாட்டு விதிப்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். அதைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைப்பார்கள். நீங்கள் மனை வாங்கியபோது கொடுத்த லே-அவுட் வரைபடத்தில் 'பூங்கா' என்று குறித்த கட்டம் இருக்கும். பீரோவிலிருந்து அதை எடுத்துப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் இன்றைக்கு என்ன நிற்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள்.