வண்டியை அகற்றும் அதிகாரமும் அதன் எல்லையும்

காணை வட்டாரப் பெருமக்களுக்கு,

வழக்கு, வைத்தியம், வியாபாரம் என்று ஏதேனும் ஒரு காரியத்தை முன்னிட்டு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் போய்த் தீரவேண்டிய நாம், வீதியோரம் நிறுத்திய வண்டியைப் போலீஸார் தூக்கிக்கொண்டு போனால், அது எந்தச் சட்டத்தின்படி நிகழ்ந்ததென்று வினவும் வழக்கமே இல்லாதவர்களாய் இருக்கிறோம். ஆதலின் இவ்விண்ணப்பம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 127-ஆவது பிரிவு, பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியையும், நிறுத்தலாகாதென்று சட்டப்படி விலக்கப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும் அகற்ற இடமளிக்கிறது. ஆயினும் அதற்கு உத்தரவிடத்தக்கவர் சீருடையணிந்த, அவ்விடத்து அதிகாரமுடைய போலீஸ் அதிகாரியேயன்றி, இழுவை வண்டியின் குத்தகைக்காரரோ அவருடைய கூலியாளோ அல்லர். உடைந்தோ எரிந்தோ போக்குவரத்துக்கு அபாயமாய்க் கிடக்கும் வண்டியை உடனே அகற்றலாம். பதிவும் பர்மிட்டும் இல்லாத வண்டியைப் பிடித்துவைக்கும் 207-ஆவது பிரிவோ இதனின்றும் வேறானது.

எல்லை மீறினால் விளைவது யாதென்பதை 2017 நவம்பரில் மும்பை மலாடு பகுதி காட்டிற்று: கைக்குழந்தைக்குப் பாலூட்டியபடி ஒரு தாய் உள்ளே அமர்ந்திருக்கையிலேயே காரை இழுத்துச் சென்ற போக்குவரத்துக் காவலர், அக்காட்சி தேசமெங்கும் பரவவே, பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

எனினும் நம் கடமை முந்தியது. பிறருக்கு இடையூறாக வண்டியை விடலாகாதென்று 122-ஆவது பிரிவு நம்மையே கட்டுப்படுத்துகிறது. போக்குவரத்துக்குத் தடையாக வண்டியை நிறுத்துவோருக்கு 201-ஆவது பிரிவு 500 ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. முறைப்படி அகற்றிய செலவும் உடையவர் தலையிலேயே விழுகிறது. ஆகவே ஆஸ்பத்திரி வாயிலையும் பஸ் திரும்பும் முனையையும் அடைத்து வண்டியை நிறுத்தாதீர்கள். வண்டி அகற்றப்பட்டுவிட்டால், கலகம் செய்யாமல், உத்தரவிட்ட அதிகாரி யார், விலக்குப் பலகை எங்கே என்று மரியாதையாகக் கேளுங்கள். அபராதமும் இழுவைக் கட்டணமும் தனித்தனியே குறிக்கப்பட்ட ரசீது இன்றிப் பணம் கொடாதீர்கள்.

வண்டிகள் நிற்பதற்குரிய இடங்களை உள்ளாட்சி மன்றத்தைக் கலந்து நிர்ணயிக்கும் அதிகாரத்தை 117-ஆவது பிரிவு அரசின்பால் வைத்திருக்கிறது. நிறுத்த இடம் காட்டாமல் நிறுத்தாதே என்பது நியாயமாகாது. எனவே விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகராட்சிகளின் எல்லையிலும் அத்தகைய இடங்களை வகுத்து, தெளிவான தமிழ்ப் பலகைகள் நாட்டுமாறு மாவட்ட ஆட்சியருக்கு அளிக்கவிருக்கும் மனுவில், கட்சி பேதமின்றி யாவரும் கையொப்பமிட வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
காணை வட்டாரப் பொதுமக்கள் சிலர்