பசியாறாமல் உடல் இளைக்குமா?

"பசியாறிட்டியா?" என்று கேட்டால், "இல்லை, டயட்டில் இருக்கேன்" என்று சொல்லும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. காலையிலும் பகலிலும் வெறும் தண்ணீர். இரவு பத்து மணிக்குக் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு மீ கோரெங், ஒரு தே தாரிக். மறுநாள் மீண்டும் பட்டினி.

இதை மன உறுதி இல்லாமை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதங்கள் ஏறக்குறைய பாதி உணவே கொடுத்தார். கட்டுப்பாடு நீங்கியதும் பலர், வயிறு நிறைந்த பின்னும் பசிக்கிறது என்று சாப்பிட்டனர். ஒருநாள் பட்டினி அதற்கு ஈடாகாதுதான். ஆனால் பகலில் மறுத்ததை உடல் இரவில் கேட்கவே செய்யும்.

இது சின்ன விஷயமல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் 63.9 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இனிப்புநீரும் நம்மிடையேதான் அதிகம்.

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' முறை எளிது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். தே தாரிக்கிற்குப் பதில் சீனி போடாத தே ஓ கோசோங் கேட்கலாம்.

நண்பர்களே, எடை குறைய வேண்டுமா? முதலில் வேளைக்குப் பசியாறுங்கள்.