வாசற்கதவு யார் கையில்?

பிளாக்செயினுக்கு முதலாளி இல்லை என்பார்கள். ஆனால், அதற்குள் நுழையும் வாசலுக்கு உண்டு.

2022 ஆகஸ்டில், திருட்டுப் பணத்தின் தடத்தை மறைக்க உதவியதாகக் கூறி, ‘டொர்னாடோ கேஷ்’ சேவைக்கு அமெரிக்க நிதியமைச்சு தடை விதித்தது. எத்திரியம் கட்டமைப்பில் அதன் நிரல் தொடர்ந்து இயங்கியது. எனினும், மின்பணப்பைச் செயலிகளை எத்திரியத்துடன் இணைக்கும் இன்ஃபுரா, அல்கெமி நிறுவனங்கள் அந்தச் சேவைக்கான வழியை அடைத்தன. இரண்டு நிறுவனங்களின் முடிவு, அவற்றை நம்பியிருந்த அனைவரையும் கட்டுப்படுத்தியது.

2025 மார்ச்சில் தடை நீங்கியது, கேள்வி நீங்கவில்லை.

வாசல்களைப் பலரிடம் பகிர்ந்தளித்தால் ஒருவரே அடைத்துவிட முடியாது. அப்போது மோசடியையோ சிறாரைச் சீரழிக்கும் படங்களையோ தடுக்கும்படி யாரிடம் முறையிடுவது?

வாசல் நடத்தும் ஒவ்வொருவரும் எதை, ஏன் தடுக்கிறார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அதிகாரத்தைப் பங்கிட்டால் பொறுப்பையும் பங்கிட்டாக வேண்டும்.