கணுவுக்கொரு கிளாஸ் எதற்கு?

கம்பைலர் எழுதப் பழகும் யாரைக் கேட்டாலும் ஒரே பாடத்தைத்தான் ஒப்பிப்பார்கள். தொடரியல் மரத்தில் எக்ஸ்பிரஷனுக்கு ஓர் அடிப்படைக் கிளாஸ். அதன்கீழ் எண்ணுக்கு ஒன்று, மாறிக்கு ஒன்று, கூட்டலுக்கு ஒன்று, கழித்தலுக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் சுற்றிவர ஒரு விசிட்டர். இதுதான் முறையான டிசைன், மற்றதெல்லாம் சி காலத்துப் பழைய பழக்கம் என்று வகுப்பிலும் நேர்முகத் தேர்விலும் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

1994இல் வந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூல் விசிட்டரை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணமே கம்பைலரின் தொடரியல் மரம்தான். அந்நூல் சி++, ஸ்மால்டாக் மொழிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒரு மதிப்பு எந்த வகை, அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரே வீச்சில் பிரித்துப் பார்க்கும் வசதி அவற்றில் இல்லை. அந்தக் குறைக்குப் போட்ட ஒட்டுதான் விசிட்டர். ஒட்டையே இலக்கணம் ஆக்கிவிட்டோம்.

x + 2 * 3 என்ற எக்ஸ்பிரஷனை எடுத்துக்கொள்வோம். இதில் 2 * 3ஐ முன்கூட்டியே 6 ஆக்க வேண்டும். பெருக்கல் கணுவுக்கு வந்துவிட்டோம் என்பதை விசிட்டர் சொல்லிவிடும். நமக்குத் தெரிய வேண்டியதோ அதன் இரு பிள்ளைகளும் எண்களா என்பது. அதை விசிட்டர் சொல்லாது. ஆகவே அதற்குள்ளேயே இரண்டு முறை ‘இன்ஸ்டன்ஸ்ஆஃப்’ போடுகிறோம். எதைத் தவிர்க்க இத்தனை கிளாஸ் எழுதினோமோ, அதையே! ஓகேமலில் இது ஒற்றை வரி: எண்ணும் எண்ணும் பெருக்கப்பட்டால் விடை இது, இல்லையேல் அப்படியே விடு.

புதிய கணு சேர்ப்பது சுலபம் என்பார்கள். விசிட்டரில் அதுவும் கிடையாது: கணு ஒன்று கூடினால் எல்லா விசிட்டரையும் திருத்த வேண்டும். கணுவுக்குள்ளேயே மெத்தட் எழுதினால் அந்த வாதம் உண்மைதான். பிலிப் வாட்லர் 1998இல் ‘எக்ஸ்பிரஷன் பிராப்ளம்’ என்று பெயரிட்டது இந்த இழுபறியைத்தான்: வகைகளைக் கூட்டுவது ஒருபுறம், அவற்றின் மீதான செயல்களைக் கூட்டுவது மறுபுறம். கம்பைலரில் எது வளர்கிறது? மொழியின் இலக்கணம் எப்போதாவதுதான் மாறும். டைப் சரிபார்ப்பு, சுருக்கல், எச்சரிக்கைகள், குறியீடு உருவாக்கம் என்று செயல்கள்தான் பெருகிக்கொண்டே போகும். (மூன்றாமவர் புதுக் கணு சேர்க்கும் பிளக்இன் அமைப்பு என்றால் கதை வேறு.)

பெரிய கம்பைலர்களைத் திறந்து பாருங்கள். கிளாங்கில் கிளாஸ் படிநிலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் பைனரிஆபரேட்டர் என்ற ஒரே கிளாஸ். எந்தச் செயல் என்பது உள்ளே வைத்த குறியீட்டில்தான். தான் எந்த வகை என்பதையும் ஒவ்வொரு கணுவும் ஓர் எண்ணாகவே சுமக்கிறது. ஸிக் கம்பைலர் இன்னும் ஒரு படி மேல்: கணுக்களை வரிசையாக அடுக்கி, பாயின்டருக்குப் பதில் 32 பிட் எண்களால் சுட்டுகிறது.

ஜாவாவே இறங்கி வந்துவிட்டது. 2021இல் ஜாவா 17 ‘சீல்டு’ வகைகளைத் தந்தது; 2023இல் ஜாவா 21 அவற்றைப் பிரித்துப் பார்க்கும் ஸ்விட்சைத் தந்தது. ஒரு வகையை விட்டுவிட்டால் கம்பைலே ஆகாது. ஆசிரியர்களே, அடுத்த பருவத்திலாவது விசிட்டரை வரலாற்றுப் பாடத்துக்கு மாற்றிவிட்டு, இதைச் சொல்லிக்கொடுங்கள்.