ஜீப்புக்கு மீசை எதுக்கு?

மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டியதும் எங்கள் மலைப்பாதையில் சனி, ஞாயிறுகளில் விருந்தாளி ஜீப்புகள் வரத் தொடங்கிவிடும். எங்க ஊர் ஜீப்பைச் சொல்லவில்லை. அது வருஷம் முழுக்கத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி இறக்குகிற உழைப்பாளி. நான் சொல்வது மதுரை, கோவை, சென்னையிலிருந்து வருகிற வண்டிகளை. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜோங்கா, ஜிப்ஸி, எங்கேயோ தேடிப் பிடித்த பழைய வில்லிஸ். பச்சை பெயிண்ட் பளபளன்னு இருக்கும். பின்பக்க மூலையில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு ஆண்டெனா ஆடிக்கொண்டே வரும். டீக்கடையில் நிறுத்தும்போது நான் எட்டிப் பார்ப்பேன். பல வண்டிகளில் அந்தக் கம்பிக்குக் கீழே ரேடியோ இருக்காது, ஒயர்கூட இருக்காது. மீசை மட்டும் வைத்துக்கொண்டு வந்த வண்டி.

வைத்துக்கொள்ளட்டும், அவரவர் காசு. என் ஆதங்கம் வேறு. எங்கள் மலையில் எந்த வண்டிக்கு ரேடியோ உண்மையிலேயே வேணுமோ, அந்த வண்டியில் அது இல்லை. சட்டப்படி சுலபமாக மாட்டிக்கொள்ள வழியும் இல்லை.

நான் இருப்பது போடி மலையடிவாரத்தில். கீழே மாவும் தென்னையும், மேலே கொஞ்சம் மிளகும் காப்பியும். தார் ரோடு முடிந்து தோட்டத்துப் பாதை தொடங்கிவிட்டால் ஒற்றை வண்டித் தடம்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடணும் என்பது மலை வழக்கம். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பதுதான் எங்கள் ஒயர்லெஸ். மழை பிடித்துக்கொண்டால், ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால், அதுவும் கேட்காது. செல்போன் சிக்னல் இரண்டே இடத்தில் கிடைக்கும்: ஒரு பாறைமேல், ஒரு கோயில் முன்னால்.

போன ஐப்பசியில் மேல்தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. ஜீப் ஓட்டுகிற தம்பி அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்குகிறான். பாதி வழியில் உரமூட்டை ஏற்றிய ஜீப் எதிரே வருகிறது. அதன் பின்னாலேயே இன்னொன்று. ஒதுங்க இடமுள்ள வளைவு முக்கால் கிலோமீட்டர் கீழே. சகதியில், பாரத்தோடு, இரண்டு வண்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னுக்கு எடுத்து முடிக்க அரைமணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. அக்கா பிழைத்துக்கொண்டார். கால் வீக்கம் வடியத்தான் நாளாயிற்று. "அங்கேயே நில்லுண்ணே, நான் இறங்குறேன்" என்று அந்தத் தம்பி சொன்னது கீழே இருந்தவர் காதில் விழுந்திருந்தால் அந்த அரைமணி மிச்சம். அதற்கு டவர் வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம். ஜீப்புக்கு ஜீப் பேசுகிற ஒரு பெட்டி போதும்.

"வாக்கிடாக்கிதானே சார், ஆன்லைனில் கிடைக்குதே" என்பீர்கள். எங்க ஊர்ப் பையன்களும் அதைத்தான் சொன்னார்கள். கிடைக்கிற சீனப் பெட்டிகளில் பல, லைசென்ஸ் இல்லாமல் தொடக் கூடாத அலைவரிசைகளிலும் பேசும். போலீசும் வனத்துறையும் மற்றவர்களும் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் போய் நாம் குறுக்கே நிற்கிற வேலை அது. 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு இதற்காகவே நோட்டீஸ் அனுப்பியது. அது சரியான காரியம்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

லைசென்ஸ் வேண்டாத அலைவரிசையும் உண்டு. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பட்டையை 2005-லேயே திறந்துவிட்டார்கள், 5 வாட் வரைக்கும். 446-இல் இன்னொரு சின்னப் பட்டை. ஆனால் 27-க்கான விதியில் ஆண்டெனா செட்டோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. தகரப் பெட்டி மாதிரி இருக்கிற ஜீப்புக்குள் உட்கார்ந்து, கையிலிருக்கிற குட்டி ஆண்டெனாவை வைத்துக்கொண்டு பேசினால், இரண்டு வளைவு தாண்டினால் காணோம். வெளியே ஒரு ஆண்டெனா நட்டால்தான் மலைப் பாதையில் பேச்சு நிற்கும். நட்டால் விதி இடிக்கிறது. முறையாக அலைவரிசை ஒதுக்கீடு வாங்கலாம். பெரிய கம்பெனிகள் வாங்கி வைத்திருக்கின்றன. ஒரே ஒரு பழைய ஜீப்பை வைத்துக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறவர் டெல்லிக்கு விண்ணப்பம் போட்டு, வருஷா வருஷம் பணம் கட்டி ஓட்டுவாரா?

ஆஸ்திரேலியாவில் இதைத் தீர்த்துவிட்டார்கள். அங்கே 477 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 80 சேனல், 5 வாட். பரீட்சை கிடையாது, கட்டணம் கிடையாது, வண்டியில் ஆண்டெனா வைத்துக்கொள்ளலாம். விவசாயி, லாரிக்காரர், சுற்றுலா போகிறவர் எல்லாரும் அதில்தான் பேசுகிறார்கள். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் 40-ஆம் சேனல். 5-உம் 35-உம் ஆபத்துக்கு மட்டும். அதில் வெட்டிப்பேச்சு பேசினால் குற்றம். அதே மாதிரி நாலு சேனல், நாற்பதுகூட வேண்டாம், நம் மலைப்பாதை வண்டிகளுக்கு ஒதுக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? எனக்குத் தெரிந்து இதைக் கேட்டு யாரும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போடத் தெரிந்தவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களிடமும் ஜீப் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

உங்களுக்கு இன்றைக்கே ஒரு வழி இருக்கிறது: ஹாம் லைசென்ஸ். 12 வயது முடிந்த யாரும் பரீட்சை எழுதலாம். முதல் நிலைக்கு மோர்ஸ்கூடத் தேவையில்லை. 2004 சுனாமியன்று போர்ட் பிளேரில் ஹாம் நிகழ்ச்சிக்காகப் போயிருந்த பாரதி பிரசாத் குழுதான் அந்தமானிலிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பியது. 2015 சென்னை வெள்ளத்தில் செல்போன் படுத்துவிட்டபோது யார் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லைசென்ஸ் வாங்கும்போதே வண்டியில் வைத்துப் பேசுவதற்கான விதிகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, லைசென்ஸ் வந்துவிட்டது, ஜீப்பில் மாட்டுகிறீர்கள். முதலில் அந்த நீளக் கம்பியைக் கழற்றுங்கள். ராணுவ செட்டுகள் பலவும் 30 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே பேசுகிறவை. அலை நீளம், அதனால் கம்பியும் நீளம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும், அதில் கால்பங்கு ஆண்டெனா. ஹாம்காரர்கள் அதிகம் புழங்குகிற 145-க்கு இந்தக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அரை மீட்டர். முழங்கையிலிருந்து விரல்நுனி வரைதான், அதுக்கு எதுக்கு எட்டடிக் கம்பி? எங்கள் பக்கம் மின்கம்பி தாழத் தொங்குகிற இடங்கள் நிறைய. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எத்தனை மனு போட்டாலும் அது தொங்கத்தான் செய்கிறது. ஜீப் உயரம் ஆறடி, மேலே எட்டடிக் கம்பி, குண்டும் குழியுமான பாதையில் வண்டி ஒரு துள்ளு துள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எங்கே வைப்பது. கால்பங்கு ஆண்டெனாவுக்குக் கீழே தகரம் வேண்டும். ஆண்டெனாவின் மறுபாதி அந்தத் தகரம்தான். காருக்குக் கூரை இருக்கிறது, நடுக்கூரையில் வைத்தால் முடிந்தது. தார்ப்பாய் போட்ட ஜீப்புக்குக் கூரை ஏது? பின்மூலையில் வைத்தால், தகரம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் பேச்சு நன்றாகப் போகும், மற்ற பக்கம் சுணங்கும். பானட்டில் வைக்கலாம், ஓட்டுகிறவர் கண்ணை மறைக்காமல் இருந்தால். தகரத்தை அவ்வளவாக நம்பாத அரை அலை ஆண்டெனா என்று ஒன்று இருக்கிறது, ஒரு மீட்டர் உயரம். தார்ப்பாய் வண்டிக்கு அதுதான் என் ஓட்டு. எதை வைத்தாலும் அடியில் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கிற இரும்பில் உட்கார வையுங்கள். பழைய ஜீப்பில் பானட் கீல் துருவேறி, பெயிண்ட் ஏறி, பாடியோடு மின்தொடர்பே இல்லாமல் கிடக்கும். பின்னல் செம்புப் பட்டை ஒன்றைப் போட்டு இரண்டையும் இணைத்துவிட்டால் இரைச்சலும் குறையும்.

இரைச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. பெட்ரோல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் தெறிக்கிற ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். ஸ்பீக்கரில் சடசடன்னு கேட்கும். அதற்கென்று ரெசிஸ்டர் பிளக் இருக்கிறது, போடுங்கள். டீசல் வண்டிக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்க ஊர் ஜீப்புகள் டீசல் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

கரண்டு விஷயத்தில்தான் பெட்டி புகைவது. ராணுவ வண்டிகளில் 24 வோல்ட் வழக்கம். ரேடியோ கேட்பது 12-13 சொச்சம். "இரண்டு பேட்டரிதானே, ஒன்றிலிருந்து எடுத்துக்கலாம்" என்று ஒயரிங் கடையில் சொல்வார்கள். எடுத்தால் ஒரு பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும், இரண்டும் சேர்ந்து சாகும். 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் போடுங்கள். 12 வோல்ட் வண்டியானால் பேட்டரியிலிருந்தே தனி ஒயர், பேட்டரி ஓரத்திலேயே பியூஸ். 50 வாட் செட் பேசும்போது பத்து ஆம்பியர் இழுக்கும். ஹாரன் ஒயரில் ஒட்டுப்போடுகிற விளையாட்டு இங்கே ஆகாது. ஆண்டெனாவுக்குப் போகிற கேபிள் 50 ஓம். வீட்டில் மிச்சமிருக்கிற டிஷ் டிவி கேபிள் 75 ஓம், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆகாது. எல்லாம் முடிந்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒன்றரைக்குக் கீழே இருந்தால் நிம்மதி. மூன்றைத் தாண்டினால் பேசாதீர்கள். அனுப்புகிற சக்தி திரும்பி வந்து செட்டையே சுடும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். ஹாம் லைசென்ஸ் எங்கள் அன்றாட வேலைக்கு ஆகாது. தொழில் பேச்சு பேசக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. மிளகு விலை கேட்டால்கூடத் தப்பு, ஆள் ஏற்றுகிற சவாரி பேசினாலும் தப்பு. அதனால்தான் தனிச் சேனல் வேண்டும் என்கிறேன். அது வருகிற வரைக்கும், ஊருக்கு நாலு பேர் ஹாம் லைசென்ஸ் வைத்திருந்தால் நிலச்சரிவன்றைக்கு, பாம்பு கடித்த அன்றைக்கு, ஒரு குரலாவது கீழே போய்ச் சேரும்.

எங்க ஊரில் ஐ.டி.ஐ. படித்த பையன்கள் ஏழெட்டு பேர் இருக்கிறார்கள். பாடம் அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை, சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. ஹாம் கிளப்காரர்கள் யாராவது உங்கள் ஜீப்பில் எங்கள் பக்கம் ஏறுவதாக இருந்தால் பாடப்புத்தகம் நாலையும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வாங்க. ஊர்ச் சாவடியில் ஃபேன் இருக்கிறது, பலகை நான் வாங்கி மாட்டிவிடுகிறேன். சனிக்கிழமை வேண்டாம், கூலி போடுகிற நாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் எல்லாரும் சும்மாதான் இருப்பான்கள்.