ஒண்ணே ஒண்ணு சார்!

"ஒண்ணே ஒண்ணுதான் சார்..." என்று அக்கவுண்ட்ஸ் ஆசாமி என் மேஜை முன்னால் வந்து நின்றது 2024 மே 31, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. சம்பளப் பட்டியலில் ஜெயராமன் தங்கராஜுக்கு முன்னால் வருகிறாராம். தமிழ் அகர வரிசைப்படி 'ஜ' கடைசியில் அல்லவா வரவேண்டும்? நியாயமான புகார். கம்ப்யூட்டர் யூனிகோட் எண்ணைப் பார்த்து அடுக்கினால் 'ச'வுக்குப் பக்கத்திலேயே 'ஜ' வந்து உட்கார்ந்துவிடும்.

இதைச் சரிசெய்ய 'பிஎச்பி இன்ட்ல்' என்று ஒரு குட்டி பேக்கேஜ் இருக்கிறது. அதைப் போட்டால் போச்சு!

எங்கள் சர்வரில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி. யூனிக்ஸ் குடும்பத்துப் பிள்ளை. இதில் சாஃப்ட்வேர் போட இரண்டு வழி. ஒன்று 'பேக்கேஜ்': ஓட்டல் பார்சல் மாதிரி, சமைத்தே வரும். இன்னொன்று 'போர்ட்ஸ்': வெறும் சமையல் குறிப்பு. 1990களில் ஜோர்டன் ஹப்பார்ட் ஆரம்பித்து வைத்தது, இன்றைக்கு 30,000 குறிப்புகளைத் தாண்டிவிட்டது. நீங்கள் ஒரு வரி தட்டினால் அதுவே இன்டர்நெட்டுக்குப் போய் மூலநிரலை வாங்கி, வழியில் எவனாவது கலப்படம் செய்தானா என்று சரிபார்த்து, உங்கள் மெஷினிலேயே சமைத்துப் பரிமாறும். உப்பு, காரம் நம் இஷ்டம். (பார்சலிலேயே காலம் தள்ளுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

'போர்ட்மாஸ்டர்' என்கிற சமையல்காரரைக் கூப்பிட்டேன். அவர் ரொம்ப மரியாதைக்காரர். என்னென்ன செய்யப் போகிறேன் என்று பட்டியல் போட்டுக் காட்டி, 'ஒய்' ஆர் 'என்' என்று கேட்டார். பட்டியலில் ஒரு ஓரத்தில், 'ஐசியு 74லிருந்து 75' என்று ஒரு வரி. நான் ஒய் தட்டினேன். 'ஒய்?' என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

ஐசியு என்றால் ஆஸ்பத்திரி இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளை அடுக்கத் தெரிந்த ஒரு நூலகம். எங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸும் அதை நம்பித்தான் பிழைக்கிறது. புது நூலகம் வந்ததும் பழையதைத் தூக்கியாகிவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் அசரவில்லை. பழைய நூலகத்தை ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றி வைத்திருந்தது. ஜெயராமன் சமர்த்தாகக் கடைசிக்குப் போனார். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு ராத்திரி கரண்ட் போச்சு. யுபிஎஸ் முடிந்தவரை தாங்கிவிட்டுப் படுத்துவிட்டது.

திங்கள் காலை. சம்பளம் போட வேண்டிய நாள். டேட்டாபேஸ் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. 'லிப்ஐசியுயுசி 74 நாட் ஃபவுண்ட்' என்று ஒரே ஒரு வரி. கேபினுக்கு வெளியே சின்னதாக ஒரு கூட்டம். ஹோம் லோன் இஎம்ஐ ஐந்தாம் தேதி என்று எனக்குக் கேட்கிற மாதிரியே ஒருவர் போனில் பேசினார்.

"விடுங்க சார், 75க்கே 74ன்னு ஒரு பேர் வெச்சு லிங்க் குடுத்துடலாம்!" என்றான் டிரெயினி பையன். சில நூலகங்களிடம் இந்த ஆள்மாறாட்டம் செல்லும். ஐசியுவிடம் செல்லாது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபங்ஷன் பெயரின் வாலிலும் 74, 75 என்று பதிப்பு எண்ணைப் பச்சை குத்தி வைத்திருக்கிறார்கள். முயன்று பார்த்தோம். பிழைச் செய்திதான் மாறியது.

அப்புறம்தான் 'எல்டிடி' போட்டு, யார் யாருக்குப் பழைய நூலகம் வேண்டியிருக்கிறது என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமையே செய்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. பழைய நூலகத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ள போர்ட்மாஸ்டரில் 'டபிள்யூ' என்று ஒரு வசதி உண்டு. அதையும் போடவில்லை. 'அப்டேட்டிங்' என்று ஒரு ஃபைல், யார் யாருக்குப் பாதிப்பு என்று தேதி போட்டு எழுதி வைத்திருப்பார்கள். அதைத் திறந்தே பார்க்கவில்லை. இதையெல்லாம் எம்.டி.யிடம் சொல்லவும் இல்லை!

கடைசியில் 'ஆர்' என்ற வசதியைப் போட்டு, ஐசியுவை நம்பியிருந்த அத்தனையையும் மறுபடி சமைக்கச் சொன்னேன். ஒன்றுக்கு ஆசைப்பட்டு இருபத்திமூன்று. திரையில் கம்பைலர் வரிகள் ஓட ஓட, கூட்டம் என் முதுகுக்குப் பின்னால் நின்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்தது. மூன்றரை மணிக்கு டேட்டாபேஸ் கண் விழித்தது. உள்ளே இருந்த கணக்கு ஒரு பைசா குறையவில்லை. நாலே காலுக்கு செல்போன்களில் சம்பள எஸ்எம்எஸ் கிணுகிணுத்தது.

ஐந்து மணிக்கு மறுபடி அக்கவுண்ட்ஸ்.

"லிஸ்ட் பிரமாதம் சார். ஆனா எழுத்துதான் கொஞ்சம் பொடிசா இருக்கு. ஒண்ணே ஒண்ணு..."

பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினேன்.