கழுத்தில் ரத்தக்கசிவா? அவசரப்படாதீங்க!

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கைக்கு வருகிறது. 'கழுத்துத் தசையில் ரத்தக்கசிவு' என்று ஒரு வரி. அவ்வளவுதான்... 'கழுத்தை நெரிச்சுட்டாங்க!' என்று தெருவே தீர்ப்பு சொல்லிவிடும். இறந்தவர் புதுப்பெண் என்றால், புகுந்த வீடே குற்றவாளிக் கூண்டில்!

அந்த ஒரு வரி தீர்ப்பு இல்லீங்க... கேள்வி மட்டுமே.

கழுத்தை நெரித்தால் தசையில் ரத்தம் கசியும், நிஜம்தான். ஆனால், உயிரைக் காப்பாற்ற மூச்சுக்குழாயில் டியூப் போட்டாலும் கசியலாம். உடல் குப்புறக் கிடந்தால், இறந்த பிறகும் ரத்தம் கழுத்தில் இறங்கித் தேங்கலாம். அட, போஸ்ட்மார்ட்டம் செய்யும்போதேகூட இப்படி ஒரு கசிவு உண்டாகிவிடும்! தென் ஆப்பிரிக்க டாக்டர்கள் பிரின்ஸ்லூவும் கார்டனும் 1951-லேயே இதை எழுதியிருக்கிறார்கள்.

இதற்கு வழியும் உண்டு. முதலில் மூளை, இதயம், நுரையீரலை எடுத்துவிட்டால், கழுத்து ரத்தம் வடிந்துவிடும். கடைசியாகக் கழுத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நகக்கீறல், எலும்பு முறிவு, கண்ணில் ரத்தப்புள்ளி, சம்பவ இடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு. கசிவு இல்லை என்பதற்காகக் கொலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. முகத்தில் தலையணையை அமுக்கினால் கழுத்தில் தடயமே இல்லாமல் போகலாம்.

மதுரை மாவட்டத்தில் 2020-ல், போலீஸ் விசாரித்த ஓர் இளைஞர் மரத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைத்தார். வழக்கு ஐகோர்ட் மதுரைக் கிளைக்குப் போனது. போலீஸ் காவல் மரணம் என்றால் உறவினர் உடலைப் பார்க்க வேண்டும், தடய மருத்துவத்தில் மேல்படிப்பு படித்த இரண்டு டாக்டர்கள் பரிசோதிக்க வேண்டும், முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும் என்று அந்த ஆண்டே உத்தரவிட்டது.

இந்தக் கவனம் காவல் மரணத்துக்கு மட்டும் போதுமா? கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. அங்கேயும் இரண்டு டாக்டர்களும் வீடியோவும் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

நம் பங்கும் இருக்கிறது. உடல் எப்படிக் கிடந்தது, யார் இறக்கினார்கள், ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்களா... இதையெல்லாம் போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்பே டாக்டரிடமும் போலீஸிடமும் சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால், உடனே எழுதிக் கொடுங்கள். தத்தனேரி மயானத்தில் எரித்த பிறகு அழுது பயனில்லை. சாம்பலை மறுபரிசோதனை செய்ய முடியுமா?

கொலைகாரன் தப்பக் கூடாது. நிரபராதி மாட்டவும் கூடாது. இரண்டுக்கும் தேவை ஆவேசம் இல்லை, நிதானம்!